ஒரு சுவர்க்கடிகாரமும் பத்து நிமிட மர்மப் படமும்

எங்கள் கல்லூரித் திரைப்படக் குழு பத்து நிமிட மர்மக் குறும்படம் ஒன்றை எடுக்கவிருக்கிறது. திரைக்கதை ஏறத்தாழ முடிந்துவிட்டது. படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை. இந்த இடைப்பட்ட காலத்தில் நாங்கள் செய்துவரும் வேலைகளை, இதே போன்ற படம் எடுக்க நினைக்கும் மற்ற மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன். மர்மப் படம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கடைசித் திருப்பம் என்ன என்பதைத்தான். ஆனால் முன்தயாரிப்பில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது திருப்பம் அன்று. எதை, எந்த இடத்தில், எவ்வளவு நேரம், என்ன சாக்கில் பார்வையாளர் கண்ணில் காட்டப்போகிறோம் என்ற கேள்விதான். மர்மப் படத்தில் மறைப்பது எளிது. காட்டாமல் விட்டாலே போதும். காட்டிவிட்டும் அது துப்பு என்று தோன்றாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் திட்டம் தேவைப்படுகிறது.

கதையைச் சொல்லிவிட்டால் மற்றவை புரியும். குற்றவாளி யார் என்பதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். படத்தைப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நிலா என்ற ஆய்வு மாணவியின் கையெழுத்துக் குறிப்பேடு, நூலக வாசிப்பறையில் மின்சாரம் போன சில நிமிடங்களில் காணாமல் போகிறது. அவளோடு சண்டை போட்டிருந்த கதிர்மீது சந்தேகம் விழுகிறது. நூலக உதவியாளர் செல்வி, மாணவர்கள் மூடும் நேரத்துக்கு முன்பே எழுந்து கிளம்பவேண்டும் என்பதற்காக, வாசிப்பறைச் சுவர்க்கடிகாரத்தை இருபது நிமிடம் வேகமாகவே வைத்திருப்பவர். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது தெரியும். மின்சாரம் போனது உண்மையில் 4.40 மணிக்கு, சுவர்க்கடிகாரத்தில் அப்போது 5.00. அன்று நூலகப் பக்கமே வரவில்லை என்று சொல்லும் பாரி, பேச்சோடு பேச்சாக, "அஞ்சு மணிக்குக் கரண்ட் போனப்ப" என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டுமே சொல்லக்கூடிய நேரம் அது.

இந்தக் கதையைத் திரைக்கதையாக எழுதுவதற்கு முன்பு, படத்தில் இடம்பெறாத இன்னொரு கதையை எழுதி வைத்தோம். அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஒவ்வொருவரும் உண்மையில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், யாரைப் பார்த்தார்கள் என்று நிமிடக் கணக்கில், நடந்த வரிசையிலேயே எழுதிய குறிப்பு அது. அதற்குப் பக்கத்தில், அதே நிகழ்ச்சி படத்தில் எந்தக் காட்சியில் தெரியவருகிறது என்று ஒரு பத்தி; அந்தக் கணத்தில் பார்வையாளர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று மூன்றாவதாக ஒரு பத்தி. ஒரு பெரிய தாளை மூன்றாக மடித்து எழுதிய இந்த அட்டவணைதான் எங்கள் குழுவில் திரைக்கதையைவிட அதிகமாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. உடைகளைக் கவனிப்பவர், பொருட்களைச் சேகரிப்பவர், காட்சிகளைத் தனித்தனி ஷாட்களாகப் பிரிப்பவர் என எல்லோரும் தங்கள் பட்டியலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது பத்தி இல்லாமல் முதல் இரண்டை மட்டும் எழுதினால், நாமே எழுதிய கதை நமக்குத் தெளிவாக இருப்பதால், பார்ப்பவருக்கும் தெளிவாக இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடும் என்பதால் அதை நான் மிகவும் வற்புறுத்துகிறேன்.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். முதல் வரைவில் மின்சாரம் போனது 5.00 மணி என்றும், கடிகாரம் 5.20 காட்டியது என்றும்தான் இருந்தது. ஷாட் பிரிக்க உட்கார்ந்தபோது இரண்டு காரணங்களுக்காக அதை மாற்றினோம். 5.20 மணிக்கு இரண்டு முட்களும் நெருங்கி நிற்கும். கைபேசித் திரையில் படம் பார்ப்பவருக்கு எது பெரிய முள், எது சிறிய முள் என்று ஒரு நொடியில் பிடிபடாது. 5.00 மணிக்கு முட்கள் நன்றாக விரிந்து நிற்பதால் போகிற போக்கில் பார்த்தாலே மனத்தில் பதிந்துவிடும். இரண்டாவது காரணம் வசனத்தைச் சேர்ந்தது. ஒருவன் "அஞ்சு இருபது" என்று சொன்னால் காது உடனே விழித்துக்கொள்கிறது. "அஞ்சு மணி" என்றால் எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்லும் நேரம் என்று கடந்துவிடுகிறோம். ஆகவே உண்மையான நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, பொய்யான நேரத்தை முழு மணியாக்கினோம்.

கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்பதைப் பார்வையாளருக்கு நியாயமாகக் காட்டியாக வேண்டும். இதற்கு முதல் காட்சியைப் பயன்படுத்துகிறோம். நிலா வாசிப்பறைக்குள் நுழைந்து வருகைப் பதிவேட்டில் தன் பெயரையும், கைக்கடிகாரத்தைப் பார்த்து 3.40 என்ற நேரத்தையும் எழுதுகிறாள். அவள் விரல்களுக்கு அருகில் அந்த எண் குளோசப்பில் தெரிகிறது. அடுத்த ஷாட்டில் அவள் மேசையை நோக்கி நடக்கும்போது, பின்னால் சுவரில் கடிகாரம் 4.00 காட்டுகிறது. இரண்டு ஷாட்களுக்கும் கதையில் வேறு வேலை உண்டு. பதிவேட்டு ஷாட் அவள் அவசரத்தைக் காட்டுவதற்காகவும், நடக்கும் ஷாட் கதிர் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதற்காகவும் இருக்கின்றன. ஒரு துப்பு வருகிற ஷாட்டுக்குத் துப்பைத் தவிர வேறு காரணமே இல்லையென்றால், கூர்ந்து பார்ப்பவர் அந்தக் கணமே அதைப் பிடித்துவிடுவார். எனவே எங்கள் ஷாட் பட்டியலில் ஒவ்வொரு துப்புக்கும் எதிரே, இந்த ஷாட் வெளிப்பார்வைக்கு எதற்காக இருக்கிறது என்று ஒரு வரி எழுதவேண்டும் என விதி வைத்திருக்கிறோம். அந்த வரி எழுத முடியாத ஷாட்டைத் திருத்துகிறோம், அல்லது நீக்குகிறோம்.

இந்தச் சிறு பொருளால் வரும் வேலைகளைக் கவனித்தால், எழுத்தில் ஒரு வரியாக இருப்பது படப்பிடிப்பில் எவ்வளவு விரிகிறது என்று தெரியும். கடிகாரம் தெரிகிற எல்லா ஷாட்களிலும் முட்கள் கதையின் நேரத்தோடு ஒத்துப்போகவேண்டும். ஒரே காட்சியைப் பல கோணங்களில் எடுக்கும்போது உண்மையான நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு முட்களைக் கையால் திருப்பி வைக்கப்போகிறோம். நொடிமுள் உள்ள கடிகாரமானால் அது நின்றிருப்பது தெரிந்துவிடும் என்பதால், நொடிமுள் இல்லாததைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பேட்டரி இல்லாததால் டிக் டிக் ஓசை மைக்கில் விழாது என்பது கூடுதல் நன்மை. கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சிட்டால் எண்கள் தெரியாது. அதற்காக மேல்விளிம்பில் சிறு அட்டையைச் செருகிக் கடிகாரத்தைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கவேண்டும். கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் தோழியின் தாளில், ஒவ்வொரு ஷாட்டுக்கும் "உண்மை நேரம்", "சுவர் நேரம்" என இரண்டு கட்டங்கள் உள்ளன. அவர் முட்களைப் பார்த்துத் தலையசைக்காமல் கிளாப் அடிப்பதில்லை என்று இயக்குநரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாரியின் வசனம் எங்களுக்கு மிகவும் பிடித்த வேலையாக அமைந்தது. பேச்சில் கடைசியாக வருவதுதான் கேட்பவர் மனத்தில் தங்கும்; எனவே துப்பு கடைசியில் வரக்கூடாது. இப்போதைக்கு அந்த வசனம் இப்படி இருக்கிறது: "அஞ்சு மணிக்குக் கரண்ட் போனப்ப நான் ஹாஸ்டல் ரூம்லதான் இருந்தேன். வேணும்னா வார்டன்கிட்ட கேளு. ஆமா, கதிர் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்கிட்ட அப்படிக் கத்துனானே, அவன்கிட்ட கேட்டியா?" கடைசிக் கேள்வி நிலாவையும் பார்வையாளரையும் ஒருசேர வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. இதற்கு இணையான மறுபாதி, செல்வி அக்கா சொல்லும் "நாலு நாற்பதுக்கே கரண்ட் போயிடுச்சு, ரெண்டு ரெஜிஸ்டர்தான் எழுத முடிஞ்சுது" என்ற வரி. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் முரண் உடனே உறைத்துவிடும். அதிகம் பிரித்து வைத்தால் முதலில் கேட்டது மறந்துபோகும். பத்து நிமிடப் படத்தில் ஒன்றரை நிமிட இடைவெளியும், நடுவில் உணர்ச்சி மிகுந்த ஒரு காட்சியும் இருப்பது சரியாக இருக்கும் என்று கணித்து, கதிருக்கும் நிலாவுக்கும் இடையிலான சண்டைக் காட்சியை அங்கே வைத்திருக்கிறோம். படத்தொகுப்பில் இந்த இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ இடமிருக்கும்படி, செல்வி அக்கா காட்சியை முன்பின் காட்சிகளோடு பிணைக்காமல் தனித்து எழுதியிருக்கிறோம்.

துப்பறியும் கதைகளுக்காக ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் 1929-இல் வகுத்த பத்து விதிகளில் இரண்டு எங்களுக்கு நேரடியாகப் பயன்பட்டன. துப்பறிபவர் கண்டுபிடிக்கும் துப்பு உடனடியாக வாசகர் பார்வைக்கும் வைக்கப்படவேண்டும் என்பது ஒன்று. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே குறிப்பிடப்பட்டவராக இருக்கவேண்டும், ஆனால் அவர் மனவோட்டத்தை வாசகர் பின்தொடர்ந்திருக்கக் கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விதியைக் கேமராவுக்கு மாற்றிப் பார்த்தோம். பாரி தனியாக இருக்கும்போது அவன் முகத்தைக் குளோசப்பில் காட்டக்கூடாது. அவன் கண்வழியாக எந்த ஷாட்டும் வரக்கூடாது. தனிமையிலும் அவன் அப்பாவியாகவே தெரியும்படி ஒரு ஷாட் வைத்தால், கேமராவே பொய் சொன்னதாகிவிடும்; மனிதர்கள் பொய் சொல்லலாம், படம் சொல்லக்கூடாது. நாக்ஸின் மற்ற விதிகளில் சில அவர் காலத்துக்கே உரியவை. அவற்றை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

கதிர்மீது சந்தேகம் திரும்புவதற்கு வசனத்தைவிட, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டு உதவும். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு அடுத்தடுத்து ஒட்டும்போது, பார்ப்பவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காண்கிறார்கள் என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் திரைப்பட மாணவர்கள் எல்லோரும் படிக்கிறோம். வெறுமையான மேசையைக் காட்டிவிட்டு அடுத்து யார் முகத்தைக் காட்டினாலும், அவர்தான் எடுத்தவர் என்று தோன்றும். அதனால் அந்த வெட்டு கதிருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. அதை ஷாட் பிரிக்கும் கட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம். கதிர் எதையோ மறைப்பதும் உண்மைதான்: நிலாவோடு சேர்ந்து எழுதவிருந்த கட்டுரையிலிருந்து அவன் விலக முடிவெடுத்திருக்கிறான். பொய்யான சந்தேகத்துக்குரியவருக்கும் உண்மையான ஒரு ரகசியம் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இல்லையென்றால், படம் முடிந்தபின் அவர் வெறுமனே நம்மை ஏமாற்றுவதற்காக நிறுத்தப்பட்ட ஆள் என்று ஆகிவிடும்.

திரைக்கதையை, கதையை இதற்குமுன் கேட்டிராதவர்களிடம் கொடுத்துச் சோதிப்பதை எந்தக் குழுவும் தவிர்க்கக்கூடாது. நாங்கள் ஆறாம் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அங்கே நிறுத்தி, இப்போது யார்மீது சந்தேகம், ஏன் என்று எழுதித் தரச் சொன்னோம். முழுவதும் படித்தபின், பக்கத்தைத் திருப்பாமல், கடிகாரத்தை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டோம். ஆறாம் பக்கத்திலேயே பெரும்பாலோர் பாரியைச் சொன்னால் துப்பு துருத்திக்கொண்டிருக்கிறது. கடைசியில் யாருக்குமே கடிகாரம் நினைவுக்கு வரவில்லையென்றால் அளவுக்குமீறிப் புதைந்துவிட்டது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் வேலை. படித்தவர்களில் ஒருவர் மிக நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார்: பாரி தன் கைபேசியைப் பார்த்தாலே சரியான நேரம் தெரிந்திருக்குமே? அதற்கு நாங்கள் தேடிய பதில் கதையையே செழுமைப்படுத்திவிட்டது. வாசிப்பறைக்குள் கைபேசி கூடாது. வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். பெயர் பதிவாகிவிடும் என்பதால் பாரி கைபேசியை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வருகிறான். அறையிலேயே இருந்த அந்தக் கைபேசி முதலில் அவனுக்குச் சாட்சியாக நிற்கிறது. பின்பு, அவன் சுவர்க்கடிகாரத்தை மட்டுமே நம்பியிருந்ததற்கான காரணமாக அதுவே மாறுகிறது. நிலா முதல் காட்சியிலேயே கைபேசியை வாசலில் கொடுப்பதாகவும், அதனால்தான் கைக்கடிகாரம் கட்டியிருப்பதாகவும் திருத்தி எழுதினோம்.

இடத்தைப் பார்க்கப் போவதென்றால், கதையில் காட்சி நடக்கும் அதே நேரத்தில் போகவேண்டும். எங்கள் படத்தில் மின்சாரம் போவது பகல் வெளிச்சத்தில். ஜன்னலோரம் விளக்கு அணைந்ததே தெரியாது. உள்வரிசை மேசைகளில்தான் வித்தியாசம் கண்ணுக்குப் படும் என்பது நாலரை மணிக்குப் போய் நின்று விளக்குகளை அணைத்துப் பார்த்தபோதுதான் உறுதியானது. நிலாவின் மேசையை உள்ளே தள்ளினோம். கடிகாரம் தொங்கும் சுவர், நிலாவின் மேசை, வாசல் ஆகிய மூன்றையும் மேலிருந்து பார்ப்பதுபோல் தாளில் வரைந்து, கேமரா எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று ஒரு கோடு இழுத்துக்கொண்டோம். அந்தக் கோட்டைத் தாண்டினால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற திசை குழம்பும்; யார் எங்கே இருந்தார் என்பதே கேள்வியாக உள்ள படத்தில் அந்தக் குழப்பம் பொய்யான துப்பாகிவிடும். குழல்விளக்குகள் திரையில் துடிக்காமல் இருக்க, ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை) மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குப் பொருத்தி வைக்கவேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் நொடிக்கு 25 பிரேம், 1/50 நொடி ஷட்டர் என்பது பாதுகாப்பான தேர்வு. நூலக நிர்வாகத்திடம் தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி பெற்றுவிட்டோம்.

ஒலிக்கு ஒரு தனித் திட்டம் வேண்டியிருந்தது. மின்சாரம் போனதைப் பார்வையாளர் முதலில் உணர்வது மின்விசிறிகளின் இரைச்சல் அடங்குவதால்தான். ஆனால் வசனம் பதியும்போது மின்விசிறி ஓடினால் குரல் கெட்டுவிடும். ஆகவே எல்லா வசனக் காட்சிகளையும் விசிறியை நிறுத்திவிட்டு எடுத்து, ஓடும் இரைச்சலையும், அது படிப்படியாகத் தேய்ந்து நிற்பதையும் தனியே பதிவுசெய்து பின்னர் சேர்க்கிறோம். விசிறி கேமராவின் சட்டத்துக்குள் தெரியாத கோணங்களாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்யவேண்டும். வசனத்துக்கு நடுவே வெட்டும் இடங்களை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

படப்பிடிப்பு நாட்களைக் காட்சி வரிசைப்படி அல்லாமல் இடவாரியாகப் பிரித்திருக்கிறோம். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கு படத்தின் நீளத்தை மதிப்பிட உதவும்; எடுக்க ஆகும் நேரத்துக்கு அது உதவாது. பதிவேட்டில் பெயர் எழுதும் அரைப் பக்கம், இரண்டு பக்க உரையாடலைவிட அதிக நேரம் பிடிக்கும். பதிவேடு, கடிகாரம், வெறுமையான மேசை, வாசலில் கைபேசி வைக்கும் கை ஆகியவற்றை அருகில் காட்டும் இன்சர்ட் ஷாட்களை நாளின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது மாணவர் படங்களில் பரவலான வழக்கம். மர்மப் படத்தில் கதை நிற்பதே அந்த ஷாட்களின்மீதுதான் என்பதால் அவற்றுக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்கியிருக்கிறோம். எழுதும் கை நிலாவாக நடிப்பவரின் கையாகவே இருக்கவேண்டும். அதே வாட்ச், அதே பேனா, அதே மை. குறிப்பேட்டுக்கு ஒரே மாதிரி இரண்டு பிரதிகள் தயார். எடுத்த காட்சிகளை அன்றன்றே இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து, இரண்டையும் இருவேறு வீடுகளில் வைப்பது என்றும் முடிவாகியிருக்கிறது.

நடிகர்களில் யாருக்கு உண்மையைச் சொல்வது என்பதில்தான் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. யாருக்குமே சொல்லாமல் எடுத்தால் எல்லோரும் இயல்பாக இருப்பார்கள் என்பது சிலருடைய கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாரியாக நடிப்பவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். "அஞ்சு மணிக்கு" என்ற சொற்களைத் தயக்கமின்றி, அழுத்தமின்றி, முழு நம்பிக்கையோடு சொல்லவேண்டியவர் அவர். அந்த இடம் முக்கியமானது என்று தெரியாத நடிகர், ஒரு டேக்கில் வேகமாக விழுங்கிவிடவும், அடுத்த டேக்கில் காரணமின்றி அழுத்திச் சொல்லவும் கூடும். கதிராக நடிப்பவருக்கோ கதிரின் ரகசியம் மட்டும் தெரிந்தால் போதும். அவர் திரைக்கதையில் கடைசி இரண்டு பக்கங்கள் இல்லை, அதற்கு அவரும் மகிழ்ச்சியோடு சம்மதித்திருக்கிறார். செல்வி அக்காவாக நடிப்பவர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. "நாலு நாற்பது" என்பதை ஒரு தகவலாகச் சொல்லாமல், முடிக்க முடியாமல் போன வேலையைப் பற்றிய அலுப்பாகச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். வாசித்துப் பார்க்க வரும் வாரத்தில் இருவரை அழைத்திருக்கிறோம்.